கொக்கியில் தொங்கிய சைக்கிள்

எங்கள் வீட்டு முன்கூடத்து விட்டத்தில் ஓர் இரும்புக் கொக்கி இருக்கிறது. அப்பா காலத்தில் அதில் தராசு தொங்கியது. அப்பா நெசவாளர்களுக்குப் பட்டும் ஜரிகையும் எடை போட்டுக் கொடுத்து, அவர்கள் நெய்து கொண்டுவரும் சேலையை மறுபடி எடை போட்டு வாங்குகிறவர். கொடுத்த எடையும் வந்த எடையும் ஒத்துப்போக வேண்டும். கழிவுக்கென்று கொஞ்சம் விட்டுக்கொடுப்பார். அதற்கு மேல் குறைந்தால் திட்டமாட்டார், கேள்வியும் கேட்கமாட்டார். சேலையை இன்னொருமுறை தட்டில் வைத்து, நெய்தவர் கண்ணில் படும்படி முள்ளை ஆடவிட்டு, பேசாமல் உட்கார்ந்திருப்பார். எதிரே நிற்கிறவர்தான் பேசியாக வேண்டும்.

அப்பாவுக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அந்தத் தொழிலைத் தொடரவில்லை. நான் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றேன். தராசைப் பித்தளை விலைக்குப் போட்டாயிற்று. கொக்கி மட்டும் இருந்தது. சென்ற ஆண்டு அதில் என் சைக்கிளை மாட்டினேன். அதற்காக இன்றுவரை வருந்துகிறேன்.

சைக்கிள் என்றதும் பால்கேன் மாட்டிய வண்டியை நினைத்துவிட வேண்டாம். கைப்பிடி ஆட்டுக்கடாவின் கொம்பு போல வளைந்து கீழிறங்கும் ரோடு பைக். முழங்கால் வலிக்கு நடப்பதைவிட மிதிப்பது நல்லது என்று மருத்துவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, என்னை அந்த வண்டியை வாங்கவைத்தவர் என் நண்பர். நகராட்சிப் பள்ளியில் எனக்குப் பக்கத்து பெஞ்சு. மின்சார வாரியத்தில் வேலை பார்த்தவர். அவருடைய அப்பா என் அப்பாவிடம் பட்டு வாங்கி நெய்தவர். அதை நாங்கள் இருவருமே மறக்கவில்லை. அவர் அதைக் கிண்டலாக்கி வைத்திருந்தார். நான் அதைப் பேசாமல் வைத்திருந்தேன்.

என்னை அவர் எப்போதும் "இன்னாபா" என்றுதான் கூப்பிடுவார். நான் ஏதாவது பெருமையடித்துக்கொண்டால் மட்டும் "சொல்லுங்க சின்ன மொதலாளி" என்பார். ஒருமுறை மழைக்கு ஒதுங்கி நின்றபோது, "எங்கப்பா இன்னா சொல்லும் தெரியுமா? உங்க வூட்ல பட்டு குடுக்குறது மழை நாளா பாத்து, சேலை வாங்குறது வெயில் நாளா பாத்துன்னு" என்றார். ஈரக்காற்றில் பட்டு கனக்கும், வெயிலில் லேசாகும். கொடுக்கும்போது கனமும் வாங்கும்போது லேசுமாக இருந்தால் நஷ்டம் நெசவாளிக்கு. அப்பா அப்படிச் செய்தாரா என்று எனக்குத் தெரியாது. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. இருவரும் சிரித்தோம்.

விடியும்போது கிளம்புவோம். நேரமில்லாத நாட்களில் திருப்பருத்திக்குன்றம் வரை போய்த் திரும்புவோம். ஞாயிறுகளில் பாலாற்றுப் பாலம் தாண்டி மாகறல். அங்கே கோயிலுக்குச் சற்று முன்னால் ஓர் அம்மா இட்லி போடுகிறார். உடம்பில் தெம்பு இருந்தால் வாலாஜாபாத். எங்கு போனாலும் அவர் முன்னால், நான் பின்னால். அவர் வண்டி என்னுடையதைவிடப் பழையது. அப்படியிருந்தும் அவர் முன்னால் போவதைப் பார்க்கப் பார்க்க, என்னை மட்டமான வண்டியை வாங்கவைத்துவிட்டாரோ என்று தோன்றியது. ஒருநாள் இட்லி சாப்பிடும்போது சுற்றிவளைத்துக் கேட்டேன்.

"உன் வண்டி எப்படிப்பா இவ்ளோ லேசா ஓடுது?"

"வண்டி எங்க ஓடுது? நான் மிதிக்கிறேன்."

"இல்லப்பா, என்னுதுல ஏதோ புடிச்சி இழுக்குது."

"உன் தொப்பை இழுக்குது." இட்லி அம்மாவைப் பார்த்து, "மா, சாருக்கு இன்னும் ரெண்டு வை. இழுக்கறதுக்கு தெம்பு வேணும்" என்றார்.

அன்று மாலை இணையத்தில் என் வண்டியின் பெயரைப் போட்டுத் தேடி, யார் யார் அதைக் குறை சொல்லியிருக்கிறார்கள் என்று வாசித்தேன். குறை சொல்லாதவர்களைப் பார்த்து, இவர்களுக்குக் கம்பெனி எதையாவது இனாமாகக் கொடுத்திருக்கும் என்று நினைத்தேன்.

எனக்கு எழுபது முடிந்தபோது பெங்களூரிலிருக்கும் என் மகள் ஒரு தொகை அனுப்பினாள். அனுப்பிவிட்டுத் தொலைபேசியில், "அப்பா, இது சைக்கிளுக்கு மட்டும்தான். பேங்க்ல போட்டு வெச்சிங்கன்னா திருப்பி வாங்கிப்பேன். நல்லா அப்கிரேட் பண்ணிக்கங்க" என்றாள்.

அந்தப் பணத்துக்கு ஒரு ஜோடி கார்பன் சக்கரம் வரும். அல்லது புது கியரும் ஹைட்ராலிக் பிரேக்கும் வரும். இரண்டும் சேர்ந்து வராது. எனக்குச் சக்கரத்தின் மேல்தான் ஆசை. பிரேக் நன்றாக இருப்பது ஓட்டுகிறவனுக்கு மட்டும் தெரியும். கார்பன் சக்கரம் கறுப்பாக, அகலமாக, தெருவில் போகிற எல்லோருக்கும் தெரியும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எடை குறையும், காற்றை வெட்டும் என்றெல்லாம் சொன்னேன்.

நண்பர் கேட்டுவிட்டு, "மொதல்ல டயர மாத்து" என்றார். "டயரு, டியூபு. அப்பறம் சீட்டு. அதுக்கே வண்டி வேற வண்டியா ஆயிடும். மிச்சத்த வெச்சுக்கினு ஒரு வருசம் ஓட்டு. அப்பால சக்கரம் வேணுமா பிரேக் வேணுமான்னு உன் உடம்பே சொல்லும்."

இது நியாயமான யோசனை. இப்போது தெரிகிறது. அப்போது எனக்குத் தோன்றியது வேறு. இருப்பதிலேயே மலிவான பொருளை வாங்கச் சொல்கிறாரே, ஏன்? நல்ல சக்கரம் போட்டுக்கொண்டால் நான் அவரை முந்திவிடுவேன் என்பதாலா?

சந்தேகம் எங்கள் ஊரில் தொழிலோடு சேர்ந்தது. ஜரிகையைக் கல்லில் உரசிப் பார்க்காமல் யாரும் வாங்கமாட்டார்கள். வெளியூரிலிருந்து கோயிலுக்கு வருகிறவர்களை ஆட்டோக்காரர் அன்பாகப் பேசி ஒரு பட்டுக்கடையில் கொண்டுபோய் விடுவார். அவர்கள் உள்ளே சேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது வாசலில் அவருக்கு ஒரு கவர் கைமாறும். சிறுவயதில் எங்கள் வீட்டு வாசலிலும் அது கைமாறியதைப் பார்த்திருக்கிறேன். அன்பாக ஒருவர் ஒரு கடையைச் சொன்னால் அந்தக் கவர் எனக்கு நினைவுக்கு வரும்.

நண்பர் என்னைச் சென்னையில் தனக்குத் தெரிந்த ஒரு கடைக்கு அழைத்துப்போனார். அங்கிருந்த இளைஞர் ஒரு கார்பன் சக்கரத்தை எடுத்து என் ஒற்றை விரலில் மாட்டினார்.

"வெயிட்டே தெரியல பாருங்க அங்கிள். இது போட்டா பத்து வயசு கொறஞ்சிடும்."

"இவரு வயசு கொறஞ்சா இவரு சம்சாரம் என்னைத் தான் ஒதைப்பாங்க" என்றார் நண்பர். "டயர காட்டு தம்பி."

நான் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் கல்லாப் பக்கம் போனார். முதலாளியோடு ஏதோ பேசிச் சிரித்தார். முதலாளி ஒரு சின்னப் பொட்டலத்தை நீட்ட, அவர் அதை என் பக்கம் திரும்பாமல் பைக்குள் போட்டுக்கொண்டார். எனக்கு அது போதுமாக இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று எதுவும் வாங்காமல் வந்துவிட்டேன். பேருந்தில் அவர் தூங்கினார். அவர் மடியிலிருந்த பையைப் பார்த்துக்கொண்டே நான் வந்தேன்.

வீட்டில் சொன்னபோது என் மனைவி கேட்டாள். "கமிஷன் வாங்கறவரு பெரிய சாமானத்த இல்ல வாங்கச் சொல்லுவாரு? ரப்பர வாங்கச் சொல்றவருக்கு எவன் கமிஷன் குடுப்பான்?"

சரியான கேள்விதான். ஆனால் சந்தேகம் அந்தக் கேள்வியோடு போய்விடவில்லை. கெட்டிக்காரர்கள் நேரான வழியில் செய்யமாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மகள் பணத்தில் நான் முதலில் வாங்கியது சக்கரமும் இல்லை, டயரும் இல்லை. கொக்கியில் மாட்டும் மின்னணுத் தராசு. இணையத்தில் சைக்கிள் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் எதையும் எடை போட்டுத்தான் பேசுகிறார்கள். அதைப் பார்த்து வாங்கினேன். முன்கூடத்துக் கொக்கிக்கு அது அளவெடுத்ததுபோலப் பொருந்தியது. வண்டியைத் தூக்கி மாட்டினேன். எண்ணைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு என் வலது கண்ணில் புரை அறுவை நடந்தது. தூசி படக்கூடாது, குனியக்கூடாது, சைக்கிள் தொடவே கூடாது என்றார்கள். நண்பர் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தவர், வாசலில் வண்டியைப் பார்த்துவிட்டு, "சும்மா தானே நிக்குது, நான் எடுத்துக்கினு போயி நல்லா கழுவி, செயினுக்கு எண்ணெய் போட்டு வெக்கிறேன்" என்றார். சரி என்றேன். அவர் உருட்டிக்கொண்டு போகும்போது கைபேசியில் அந்தப் படம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

வண்டி திரும்பி வந்தபோது பளபளவென்று இருந்தது. அறுவைக்குப் பின் எனக்கு எல்லாமே பளபளவென்றுதான் தெரிந்தது. வெள்ளைச் சுவர் நீலம் கலந்து தெரிந்தது. பழகின பொருள்களெல்லாம் யாரோ மாற்றிவைத்தவை போலிருந்தன. கண்ணை நம்ப முடியாமல் தராசை நம்பினேன். அவர் தெருமுனை தாண்டியதும், குனியக்கூடாது என்று சொல்லியிருந்தும், வண்டியைத் தூக்கிக் கொக்கியில் மாட்டினேன்.

கிட்டத்தட்ட அரைக் கிலோ குறைந்திருந்தது.

இறக்கி மறுபடி மாட்டினேன். அதே எண். நான் வேதியியல் படித்தவன். எடை தானாகக் காணாமல் போகாது, எங்காவது போயிருக்க வேண்டும் என்று பாடம் நடத்தியவன். என் வீட்டிலோ, எடை குறைந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. ஒவ்வொரு பாகமாகத் தொட்டுப் பார்த்தேன். டயரின் பக்கத்தை விரலால் அமுக்கினேன். பழைய டயர் தோல்போலத் தடித்து விறைப்பாக இருக்கும். இது துணிபோல மடங்கியது. மெல்லிசு. நல்ல பட்டு கையில் கனக்கும். கனக்காத சேலையைப் பார்த்தால் அம்மா முகத்தைச் சுளித்து ஒதுக்கிவைப்பாள். என் விரலுக்கு அந்தப் பழக்கம்தான் தெரியும். மட்டமான டயரைப் போட்டுவிட்டு நல்லதைத் தன் வண்டிக்கு எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பால் வாங்குகிற சாக்கில் அவர் தெருவுக்குப் போனேன். எங்கள் தெருவிலேயே பால் கிடைக்கும். அவர் வீட்டு வாசலில் அவர் வண்டி நின்றது. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு அதன் டயரைத் தடவினேன். தேய்ந்துபோன பழைய டயர், என்னுடையது இல்லை. அப்படியானால் விற்றிருப்பார் என்று நினைத்தேன். இல்லாவிட்டால் சென்னைக் கடையில் கொடுத்திருப்பார். அந்தப் பொட்டலம் ஞாபகம் வந்தது. எல்லாம் சரியாகப் பொருந்தியது. சந்தேகப்படுகிறவனுக்கு அந்த நேரத்தில் வருகிற திருப்தி அசிங்கமானது. எனக்கு அது வந்தது.

"நேரா கேளுங்களேன். என் டயரு எங்கன்னு கேட்டா வாயா வலிக்குது?" என்றாள் மனைவி.

"கேட்டா உஷாராயிடுவான்."

"உஷாராகி? டயர முழுங்கிடுவாரா?"

நான் கேட்கவில்லை. அப்பா செய்ததைச் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை காபிக்கு வரச் சொல்லிவிட்டு, அவர் வருவதற்கு முன் வண்டியைக் கொக்கியில் மாட்டிவைத்தேன்.

அவர் செருப்பை விடும்போதே பேசிக்கொண்டு வந்தார். "இன்னாபா, புதுக் கண்ணு எப்படி இருக்குது? என் மூஞ்சி இன்னும் கேவலமா தெரியுதா?"

உள்ளே வந்தவர் தொங்கும் வண்டியைப் பார்த்தார். முதலில் சிரித்தார். "இன்னாபா இது, தூக்குல போட்டுட்டே?"

கைபேசியில் பழைய படத்தைத் திறந்து தராசுக்குப் பக்கத்தில் பிடித்தேன். இரண்டு எண்களும் அவருக்குத் தெரியும்படி. பிறகு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அவர் எண்களைப் பார்த்தது கொஞ்ச நேரம்தான். பிறகு மேலே, விட்டத்தை, அந்தக் கொக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் மனைவி காபியோடு வந்தவள் நடையிலேயே நின்றுவிட்டாள்.

"எங்கப்பா இங்க தான் நிக்கும்" என்றார். "நான் அவரு வேட்டியப் புடிச்சிக்கினு நிப்பேன்."

நான் அப்போதும் பேசவில்லை. பேசியிருக்கலாம். அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட வேறு மாதிரி முடிந்திருக்கும்.

"வண்டிய காயவெச்சிட்டு எடை போட்டீங்களா சார்?" என்று கேட்டார். "ஈரமா இருந்தா கணக்கு தப்பும்."

பள்ளிக்கூட நாளிலிருந்து அவர் என்னைப் பார்த்து 'சார்' என்றதில்லை. இட்லி அம்மாவிடம் கிண்டலாகச் சொல்வதோடு சரி.

வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு சாக்குப் பையோடு திரும்பி வந்தார். அதில் என் பழைய டயர்கள், டியூபுகள், கழுவித் துடைத்தவை. வண்டியை இறக்கித் தரையில் கவிழ்த்தார். சக்கரங்களைக் கழற்றி, அந்த மெல்லிசு டயர்களை எடுத்துவிட்டு என் பழையவற்றைப் போட்டார். ஒருமுறை நெம்புகோல் நழுவி அவர் விரலில் பட்டது. வேலை செய்துகொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"இது எம் புள்ள வெளிநாட்டுலேந்து கொண்டாந்தது. எனக்குன்னு வெச்சிருந்தேன். டியூபு அன்னிக்குச் சென்னையில வாங்கனது. டயரு லேசா இருந்தாத் தான் சார் வெல ஜாஸ்தி. சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. சொல்லாம மாட்டி வெச்சா, கண்ணு சரியாகி ஓட்டும்போது நீங்களே 'இன்னாடா வண்டி இப்படிப் போவுது'ன்னு கேப்பீங்க, அப்ப சொல்லலாம்னு நெனச்சேன். சக்கரத்துல போயி காசக் கொட்டிட்டு அப்பறம் வருத்தப்படக் கூடாதேன்னு."

முடித்துவிட்டு வண்டியை அவரே தூக்கிக் கொக்கியில் மாட்டினார். எண் பழைய படத்தோடு ஒத்துப்போனது.

"சரியா இருக்குதா?"

மனைவி, "அண்ணே, காபி சாப்ட்டுப் போங்கண்ணே" என்றாள்.

"இருக்கட்டும்மா." செருப்பை மாட்டிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "உங்கப்பா அவரு குடுத்ததுக்கு எடை போட்டாரு. அது தொழிலு. நீங்க நான் குடுத்ததுக்கு எடை போட்டீங்க."

அவர் போன பிறகு மனைவி அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த டயர்களில் நான் ஒரு தெருகூட ஓட்டிப் பார்க்கவில்லை என்பது சாயங்காலம்தான் உறைத்தது.

கண் ஆறியதும் தனியாக ஓட்டினேன். அவரும் தனியாக ஓட்டினார். நான் திருப்பருத்திக்குன்றம் பக்கம் போனால் அவர் வாலாஜாபாத் சாலையில் போனார். ஒருநாள் எதிரெதிரே வந்தோம். தலையசைத்துவிட்டுப் போனார். நான்கு முறை அவர் வீட்டுக்குப் போகக் கிளம்பினேன். ஒவ்வொரு முறையும் பாதி வழியில், அவர் மனைவிக்கும் தெருவுக்கும் இந்நேரம் எல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைத்துத் திரும்பினேன். அது அவர்மேல் இன்னொரு சந்தேகம் என்பது பிறகுதான் புரிந்தது. அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

மகள் கேட்டாள், "என்னப்பா, சக்கரம் வாங்கிட்டீங்களா?"

"இன்னும் முடிவு பண்ணல" என்றேன்.

கடைசியில் ஒரு ஞாயிறன்று மாகறலுக்குப் போனேன். அவர் வண்டி இட்லிக் கடைக்கு வெளியே சாய்ந்து நின்றது. உள்ளே போய் எதிரே உட்கார்ந்தேன்.

"வாங்க சார்" என்றார்.

இட்லி அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னாங்க, ஜோடிய பிரிச்சிக்கினு தனித்தனியா வர்றீங்க?"

"சார் வண்டிக்கு வெயிட்டு ஜாஸ்தி மா. மெதுவாத் தான் வரும்."

நான் தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை. "நான் பண்ணது தப்பு" என்றேன். "உன்னத் திருடன்னு நெனச்சேன். நெனச்சதோட வுடாம உன் தெருவுக்கு வந்து உன் டயரத் தடவிப் பாத்தேன்."

அவர் சட்னியில் தொட்ட இட்லியை அப்படியே வைத்தார். "என் தெருவுக்கா? எப்ப?"

"பால் வாங்க வந்தாப்பல."

"உங்க தெருவுலயே பால் இருக்குதே."

"இருக்குது."

சிரிப்பாரோ என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. இட்லியை எடுத்துச் சாப்பிட்டார். எனக்கும் சேர்த்துக் காசு கொடுக்கப் போனபோது நான் தடுக்கவில்லை. தடுத்தால் அதற்கும் வேறு அர்த்தம் வந்துவிடும் என்று பயமாக இருந்தது.

திரும்பும்போது பேசிக்கொள்ளாமலே அவர் முன்னாலும் நான் பின்னாலுமாக வந்தோம். பாலாற்றுப் பாலத்தில் பின்னாலிருந்து ஒரு மணல் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. நான் யோசனையில் நடு ரோட்டுக்கு வந்திருந்தேன். அவர் திரும்பிப் பார்த்துக் கத்தினார்.

"டேய்! ஓரமாப் போடா! லாரிடா!"

கைப்பிடியை ஓரத்துக்கு ஒடித்தேன். லாரி சட்டையை உரசுவதுபோலப் போயிற்று. பாலம் முடிந்ததும் அவர் இறங்கி நின்று, மூச்சு வாங்க என்னைத் திட்டினார். கண்ணு புதுசு வாங்கினாயே, காது எங்கே வைத்தாய், உன் வீட்டுக்கு நான்தான் போய்ச் சொல்ல வேண்டுமா என்று. நான் கேட்டுக்கொண்டு நின்றேன். நடுவில் அவருக்கே தெரிந்தது, 'சார்' போய்விட்டது என்று. பிறகு, "வா, போலாம்" என்றார்.

அடுத்த வாரம் சென்னைக்குப் போய் அவர் சொன்ன டயரையே வாங்கினேன். டியூபும் வாங்கினேன். கடைக்கார இளைஞர் மறுபடியும் சக்கரத்தை எடுத்து என் விரலில் மாட்ட வந்தார். வேண்டாம் என்றேன். வண்டியை நண்பர் வீட்டுக்கு உருட்டிக்கொண்டு போனேன்.

"நீயே மாட்டிக் குடுப்பா."

அவர் டயரைக் கையில் வாங்கி, மடித்துப் பார்த்து, முகர்ந்தும் பார்த்தார். "எடை போட்டியா?"

"இல்ல."

"போட்டுட்டு வா."

"வேணாம்பா. அதான் சொல்லிட்டேனே, தப்புன்னு."

"உனக்கு வேணாம். எனக்கு வேணும்."

அவர் உள்ளே போய் ஒரு தராசை எடுத்துவந்தார். என்னுடையது போன்ற அதே கொக்கித் தராசு. புதிது, பிளாஸ்டிக் உறைகூட முழுதாகக் கிழிக்கவில்லை. வராந்தாக் கம்பியில் மாட்டி, வண்டியைத் தொங்கவிட்டு, எண்ணை என்னிடம் காட்டினார். டயரை மாற்றினார். மறுபடி தொங்கவிட்டுக் காட்டினார். எவ்வளவு குறைய வேண்டுமோ அவ்வளவு குறைந்திருந்தது.

அந்த டயர்களில் அடுத்த நாள் ஓட்டினேன். அவர் சொன்னது சரி. வண்டி வேறு வண்டியாகிவிட்டது. ரோட்டின் கரகரப்பு கைக்கு வரவில்லை. திருப்பருத்திக்குன்றம் போகிற வழியில் நானே கத்தினேன், "இன்னாடா வண்டி இப்படிப் போவுது!" இதைத்தான் அவர் முன்பே கேட்க ஆசைப்பட்டிருந்தார். அவர் திரும்பிப் பார்த்து, "ம்" என்றார்.

மகள் கொடுத்ததில் பெரும்பகுதி அப்படியே இருக்கிறது. என்ன வாங்கினீர்கள் என்று அவள் கேட்டால் டயர் என்கிறேன். தராசைப் பற்றி அவளுக்குச் சொல்லவில்லை. கார்பன் சக்கரத்தின் மேல் இப்போது ஆசை இல்லை. சீட்டை மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நாங்கள் பழையபடி ஒன்றாகத்தான் போகிறோம். "இன்னாபா" என்கிறார், தொப்பையைக் கிண்டல் செய்கிறார். 'சின்ன மொதலாளி' மட்டும் வரவில்லை. அதைச் சொல்லமாட்டாரா என்று நான் வேண்டுமென்றே பெருமையடித்துப் பார்த்தேன். கேட்டுக்கொண்டு சும்மா வந்தார்.

செயின் தளர்ந்தாலோ பிரேக் உரசினாலோ இன்றும் அவரிடம்தான் போகிறேன். சந்தோஷமாக வாங்கிக்கொள்வார். ஆனால் தொடுவதற்கு முன்னால் உள்ளே போய்த் தராசை எடுத்துவருவார். போன வாரம் ஒரு திருகாணியை முறுக்குவதற்குக்கூட அப்படித்தான். நான் தெருவைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"இங்க பாருபா" என்றார், வண்டியைப் பிடித்துக்கொண்டு. நான் திரும்பி அந்த எண்ணைப் பார்க்கும்வரை அவர் வேலையைத் தொடங்கவில்லை.